போதும் என்று சொல்லாத விருந்தாளி

சந்திரமதி பரிமாற வருகிறாள் என்று தெரிந்தால், பந்தியில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் வேட்டியைச் சற்றுத் தளர்த்திக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் மலாக்காவின் காஜா பேராங்கில் அவளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். 'போதும்' என்கிற சொல் அவள் காதில் ஏறாது. முதல் தடவை சொன்னால் வெட்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வாள். இரண்டாம் தடவை சொன்னால் மரியாதைக்குச் சொல்கிறார். குனிந்து, இரண்டு கையையும் இலைமேல் விரித்து மறைத்தால்தான், சரி, இந்த ஆளுக்கு வயிறு நிறைந்திருக்கலாம் என்று யோசிக்கவே தொடங்குவாள். அதற்குள் விரலிடுக்கு வழியாக ஓர் அகப்பைச் சோறு இலையில் இறங்கியிருக்கும்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. குருபோங் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கிற கித்தா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே விருந்தாளி வாயைத் திறந்து சோறு கேட்டுவிட்டால் வீட்டுக்காரிக்குத் தலைக்குனிவு. இலை வெறுமையாகக் கிடப்பதை நாலு பேர் பார்த்துவிட்டால் அதைவிடத் தலைக்குனிவு. பானையில் அடி தெரிந்தாலும், "நிறைய இருக்கு, கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். இதையெல்லாம் யாரும் அவளை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மூச்சு விடுவதுபோல் தானாக வந்தது.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் மாணிக்கவாசகம் கொறித்துச் சாப்பிடுகிறவர். லோரி இஞ்சின் வேலையில் கெட்டிக்காரர், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசத் தெரியாதவர். அவரிடம் அவள் கண்ட ஒரே குறை அந்தக் கொறிப்புதான். பக்கத்தில் நின்று அதட்டி அதட்டிச் சோறு போடுவாள். அவர் கை கழுவி எழுந்த பிறகு, அதே இலையில் தனக்குப் போட்டுக்கொண்டு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் அம்மா அப்படித்தான் செய்தாள், இவளும் அப்படியே செய்தாள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போயிற்று. பங்கீட்டில் கிடைத்த அரிசியில் சுண்ணாம்பு வாடை அடித்தது. அதுவும் குறைந்துகொண்டே வந்து, மலாக்கா முழுக்க மரவள்ளிக்கிழங்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அள்ளி அள்ளிப் போட்டுப் பழகிய கைக்கு வேலை இல்லை. பசியைக்கூடத் தாங்கிக்கொண்டாள் சந்திரமதி. அகப்பையைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் பசியையும் மறக்கடிக்கும்படி ஒரு பயம் வந்து சேர்ந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்று ஆசை காட்டிப் பார்த்தார்கள். ஆசைக்கு ஆள் குறைந்ததும் தெருவில் கண்டவனை லோரியில் ஏற்றினார்கள். பின்தெருவில் இருந்த மருதமுத்து, மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனவன். அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

மாணிக்கவாசகம் செங் என்கிற ஊருக்குப் போகிற சாலையில் ஜப்பான் ராணுவத்தின் லோரிக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்ததால் அதுவரை தப்பித்தார். இப்போது அந்தக் கொட்டகைக்கே ஆபத்து வந்தது. லோரிகள் பாதி ஓடவில்லை, எண்ணெயும் இல்லை. இஞ்சின் வேலைக்கு ஒரே ஆள் இருந்தால் போதும், மற்றவர்களைச் சயாமுக்கு அனுப்பு என்று மேலிடத்து உத்தரவு. அந்த ஒரே ஆள் யார் என்று முடிவு செய்கிறவன் ஹமாதா என்கிற அதிகாரி. அடுத்த வாரம் சயாமுக்கு ஆள் ஏற்ற லோரி வரும்.

கொட்டகையில் துபாஷியாக இருந்தவர் ஷரீஃபுதீன் நானா. சண்டைக்கு முன்னால் டவுனில் ஜப்பான் துணி விற்றவர். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் ஜப்பான் பேச்சும் தெரியும். அவர்தான் யோசனை சொன்னார்.

"தங்கச்சி, கெஞ்சினா அந்த ஆளுக்குப் புடிக்காது. காசு நீட்டினா கன்னத்துல அறைவாரு. வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போடு. நான் கூட்டிட்டு வர்றேன். சாப்பாடு முடிஞ்சு அவரு முகம் குளுந்திருக்கிற நேரம் பார்த்து, நம்ம மாணிக்கத்த வச்சிக்கச் சொல்லிக் கேக்குறேன்."

"சோறா? அரிசிக்கு எங்க நானா போறது?"

"அது உன் பாடு."

அவள் பாடுதான். வீட்டிலிருந்த பங்கீட்டு அரிசியை எல்லாம் கொட்டிப் புடைத்தாள். அடுத்த வீட்டு நாகம்மா அக்கா மலாக்காச் செட்டிச் சமூகத்துக்காரி. சாரோங் கபாயா கட்டுவாள், பேச்சு மலாய், நடுநடுவே தமிழ் எட்டிப் பார்க்கும், கும்பிடுவது நம் சாமியை. செத்துப்போன பெரியவர்களுக்குப் படைக்கிற பார்ச்சு நாளுக்கென்று நல்ல அரிசி கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு வந்து சந்திரமதியின் மடியில் கொட்டிவிட்டாள். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டதற்கு, அவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள், உன் புருஷன் இன்னும் சாகவில்லை என்று மலாயில் பதில் சொன்னாள். இந்த மாதிரி ஒரு அண்டைவீட்டுக்காரி கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது என்று அர்த்தம்.

ஹமாதா வர ஒத்துக்கொண்ட நாள் வெள்ளிக்கிழமை. கோழி கிடைத்திருந்தாலும் சந்திரமதி அன்றைக்கு அடித்திருக்க மாட்டாள். முருங்கைக்கீரை, கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய் அரைத்துவிட்ட கங்கோங் கீரை, புளி ரசம். உப்பு மட்டும் சற்றுக் குறைவு. வாசலைக் கழுவிப் பாயை விரித்து, அகன்ற வாழை இலையாகப் பார்த்து அறுத்து வைத்தாள்.

ஷரீஃபுதீனோடு வந்த ஆள் குள்ளம். நரை விழுந்த தலை, இடுப்பில் அகலமான தோல் வார். படியேறும்போதே மாணிக்கவாசகம் இடுப்பு ஒடிய வணங்கி நின்றார். வாளோடும் பூட்ஸோடும் வீட்டுக்குள் புகுந்து கண்டதை மிதிக்கிற சிப்பாய்களைப் பார்த்திருந்த சந்திரமதி, பாயை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹமாதா வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். கழற்றிய ஜோடியைத் திருப்பி, முனை தெருவைப் பார்க்கும்படி ஒழுங்காக வைத்தான். செருப்பைக் கழற்றத் தெரிந்தவன் மனுஷன்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தவிர, பாயில் உட்கார்ந்துவிட்டால் விருந்தாளி. இனி 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம்.

"நானா, நீங்களும் உட்காருங்க," என்றார் மாணிக்கவாசகம்.

"இன்னிக்கி ஜும்மா. தொழுதுட்டு ஓடி வந்துடுறேன். அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கட்டும். சாப்பிடுறதுக்குப் பேச்சு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஷரீஃபுதீன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். இந்த ஒரு வார்த்தைக்காக அவர் பிற்பாடு பலமுறை தலையில் அடித்துக்கொண்டார்.

சந்திரமதி இலையில் பரிமாறினாள். ஹமாதா இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார், தலையைத் தாழ்த்தினார், நீளமாக ஒரு வார்த்தை சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்தார். சாப்பிடும் முன் கும்பிடுகிற பழக்கம் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஓகோ, இவர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொடங்குவார்கள் என்று மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

குச்சிக்கும் வாழை இலைக்கும் ஒத்துவரவில்லை. பொலபொலவென்றிருந்த சோறு குச்சியில் நிற்காமல் வழுக்கியது. அவர் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்று பார்த்தார். பிறகு இலையையே இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனார். ரசம் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. மாணிக்கவாசகத்துக்கு உயிர் போய்விட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நாகம்மா அக்கா, பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்கு ஓடிப் பூப்போட்ட சீனக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி வைத்ததும் ஹமாதாவின் முகம் தெளிந்தது.

கிண்ணத்தை இடது கையில் ஏந்தினார். சாப்பாட்டில் இடது கையைக் கண்டதும் சந்திரமதி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ரசத்தை உறிஞ்சினார் பாருங்கள், தெருவுக்குக் கேட்டிருக்கும். சின்ன வயதில் அப்படி உறிஞ்சியதற்காகத் தலையில் குட்டு வாங்கிய மாணிக்கவாசகம் தரையைப் பார்த்துக்கொண்டார். சந்திரமதிக்கோ உள்ளூரச் சந்தோஷம். ருசி இல்லாமலா ஒரு மனுஷன் இப்படி உறிஞ்சுவான்?

ஒரு பருக்கை மிச்சமில்லாமல் கிண்ணத்தைக் காலி செய்து கீழே வைத்தார் ஹமாதா. மறுபடியும் கைகளைச் சேர்த்துக் கும்பிட்டு, தலையைத் தாழ்த்தி, ஒரு வார்த்தை சொன்னார்.

ஆகா, அடுத்த சுற்று தொடங்குகிறார் என்று புரிந்துகொண்டாள் சந்திரமதி. கிண்ணத்தை நிரப்பினாள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மாணிக்கவாசகத்தைப் பார்த்தார். பிறகு குச்சியை எடுத்துச் சாப்பிட்டார். காலி. கும்பிடு. நிரப்பினாள். காலி. கும்பிடு. நிரப்பினாள்.

எத்தனை காலமாயிற்று அவள் கை இப்படி இறங்கி! பயத்தின் நடுவிலும் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. இப்படி மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற ஆள் இந்த வீட்டில் உட்கார்ந்ததே இல்லை. இவர் வயிறு நிறைந்தால் மனசு நிறையும், மனசு நிறைந்தால் மாணிக்கம் மலாக்காவிலேயே இருப்பார். அவள் கணக்கு அவ்வளவுதான். ஒவ்வோர் அகப்பையையும் புருஷனின் உயிருக்காகவே போட்டாள்.

சோறு எடுக்க அடுப்படிக்குப் போனபோது நாகம்மா அக்கா பானையைச் சாய்த்துக் காட்டினாள்.

"நாசி ஹாபிஸ், சந்திரா! ஹாபிஸ்!"

சோறு தீர்ந்தது. அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டினால் ஓர் அகப்பை தேறும். இன்னொரு தடவை அவர் கும்பிட்டால் என்ன செய்வது? சோறு இல்லை என்று ஒரு விருந்தாளியிடம், அதுவும் கையில் சயாமை வைத்திருக்கிற விருந்தாளியிடம், எந்த வாயால் சொல்வது? அந்தக் கடைசி அகப்பையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

ஹமாதா கிண்ணத்தைக் கீழே வைத்தார். கும்பிட்டார். மாணிக்கவாசகம் அவளைப் பார்த்த பார்வையில், போடு, சீக்கிரம் போடு என்கிற தவிப்பு இருந்தது. அவளும் குனிந்தாள். குனிந்தபோதுதான் முதல்முறையாக விருந்தாளியின் முகத்தை அருகில் பார்த்தாள். இதுவரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் கிண்ணத்தைத்தான்.

நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தோல் வாரின் கொக்கி கழன்று தொங்கியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மறுவீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை, மாமியார் வீட்டுக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு விழிப்பானே, அதே முழி. அந்தக் கண்ணில் அதிகாரம் இல்லை. அம்மா தாயே, விட்டுவிடு என்கிற கெஞ்சல்தான் இருந்தது.

அடப் பாவி, இந்த மனுஷனுக்குப் பசியே இல்லை என்று அவளுக்கு உறைத்தது. போட்டதை வீணாக்கக் கூடாதென்று விழுங்கிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக?

அகப்பையைக் கீழே வைத்தாள். தன் வலது கையை விரித்து, அவருடைய கிண்ணத்தின் வாயை மூடினாள். சாப்பிடுகிறவன் இலைமேல் காட்டுகிற சைகையை, பரிமாறுகிறவள் அவனுக்காகக் காட்டினாள்.

"போதும்," என்றாள்.

பிறந்ததிலிருந்து பந்தியில் அவள் சொல்லாத வார்த்தை. மாணிக்கவாசகம் பதறி எழுந்துவிட்டார். விருந்தாளியின் கிண்ணத்தைக் கையால் மூடுவதா? சோறு கிடையாது, எழுந்து போ என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் முடிந்தது, சயாம்தான் என்று நினைத்தார். அவளும் அறை விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

அறை விழவில்லை. பெரிதாக ஒரு மூச்சு வெளியே வருகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். ஹமாதா இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படுகிற மாதிரி அவளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "போதும்," என்று அவள் சொன்னபடியே திருப்பிச் சொன்னார். பிறகு சுவரில் சாய்ந்து, ஊருக்குப் பொதுவாக ஓர் ஏப்பம் விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஷரீஃபுதீன் வந்து சேர்ந்தார். சுவரில் சாய்ந்து கிடந்த அதிகாரியையும், கழன்ற வாரையும், வெளுத்துப்போய் நின்ற புருஷன் பெண்டாட்டியையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யா அல்லா! மனுசன என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

ஹமாதா பேசத் தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு நெடுநேரம் பேசினார். ஷரீஃபுதீன் முகம் முதலில் இருண்டது, பிறகு மெல்ல விரிந்தது, கடைசியில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"தங்கச்சி, முதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்க. இவங்க சாப்பிடுறதுக்கு முன்னாலயும் கும்பிடுவாங்க, முடிச்சப்புறமும் கும்பிடுவாங்க. இன்னும் வேணும்னா கிண்ணத்துல ஒரு வாய் மிச்சம் வைப்பாங்க. சுத்தமா தொடச்சி வச்சுட்டுக் கும்பிட்டா, வயிறு நெறஞ்சிருச்சி, ஆள விடுன்னு அர்த்தம்."

சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுகூடப் பரவால்ல," என்று ஷரீஃபுதீன் குரலைத் தாழ்த்தினார். "இவரு இன்னிக்கி இல்லன்னு சொல்லத்தான் வந்திருக்காரு. வயசான சீன ஃபோர்மேன் ஒருத்தர வச்சிக்கிறதா முடிவு பண்ணிட்டாராம். அத உங்க வீட்லயே உட்கார்ந்து மரியாதையா சொல்லணும்னு வந்தாராம். நீ மறுபடி மறுபடி சோறு போடவும், மாணிக்கத்துக்காகத்தான் வாயத் திறக்காம கெஞ்சுறன்னு நெனச்சிருக்காரு. வேணாம்னு சொன்னா உன் கெஞ்சல மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிடுமேன்னு, உசிரக் கையில புடிச்சிக்கிட்டுத் தின்னிருக்காரு."

"அய்யோ!"

"கேளு. கடைசில நீயே கையால கிண்ணத்த மூடிட்ட. தன் புருசன் உசுரு போனாலும் பரவால்ல, இந்தக் கெழவன் வயித்த வருத்த வேணாம்னு இந்தம்மா கேக்குறத நிறுத்திட்டாளேன்னு அவருக்கு மனசு தாங்கல."

"நான் அப்படியெல்லாம் நெனைக்கல நானா. மூஞ்சியப் பார்த்தேன், பாவமா இருந்துச்சி. அவ்ளோதான்."

"அத நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத," என்றார் ஷரீஃபுதீன். "ஒரு ஆளு பத்தாது, ரெண்டு ஆளு வேணும்னு மேலிடத்துல தானே போய் நின்னு கேக்குறாராம். மாணிக்கம் திங்கக்கிழமை வழக்கம்போல வேலைக்கு வரணுமாம்."

மாணிக்கவாசகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹமாதா மெதுவாக எழுந்தார். ஷரீஃபுதீனின் கையைக் காட்டி ஏதோ சொன்னார். கொட்டகை ஆட்கள் என்று காட்டுகிற துணிப்பட்டை அந்தக் கையில் கட்டியிருந்தது. அதைக் கட்டியிருப்பவனை ஆள் பிடிக்கிறவர்கள் தொட மாட்டார்கள். மாணிக்கவாசகத்தைப் போன்ற வேலையாட்களுக்கு அதுவரை அதைக் கொடுத்ததில்லை. ஷரீஃபுதீன் முனகிக்கொண்டே அதை அவிழ்த்து மாணிக்கவாசகத்தின் கையில் கட்டினார். அப்படியானால் தனக்கு எப்போது என்று ஜப்பான் பேச்சில் கேட்டார் போலிருக்கிறது. நாளைக்கு என்று பதில் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஷரீஃபுதீன் அன்று வீட்டுக்குப் போகும்வரை ஹமாதாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டே நடந்தார்.

சொன்ன சொல்லை அந்த மனுஷன் காப்பாற்றினார். அடுத்த வாரம் சயாம் லோரி வந்தது. மாணிக்கவாசகத்தையும் அந்தச் சீனக் கிழவரையும் ஏற்றாமல் போயிற்று. ஏறிப்போன மற்றவர்களின் பெண்டாட்டிகள் தெருமுனையில் நின்று அழுததைச் சந்திரமதி கேட்டாள். தனக்கு வந்த நிம்மதிக்காக அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டாள். மருதமுத்து திரும்பி வரவே இல்லை. ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் வந்து, அவனும் போன பிறகும் சந்திரமதி காஜா பேராங்கில்தான் இருந்தாள். அவள் பந்தியில் 'போதும்' என்று ஒரு தடவை சொன்னால் போதும் என்று ஆயிற்று. பழைய ஆட்கள் பழக்கதோஷத்தில் இலையை மறைக்கக் கையைத் தூக்கிவிட்டு, அகப்பை நகர்ந்துபோனதும் ஏமாந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தைச் சொல்லாமல் விட முடியாது. எல்லோரும் போனபின் நாகம்மா அக்கா அவித்த மரவள்ளிக்கிழங்கைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்றைக்கு உங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை என்று போய்விட்டாள். காலையிலிருந்து ஒருவர் வாயிலும் எதுவும் படவில்லை. மாணிக்கவாசகம் பாயில் உட்கார்ந்தார். சந்திரமதி கிழங்கை எடுத்து வைத்தாள். எப்போதும்போல் எழுந்து ஓரமாக நிற்கப் போனாள். நிற்க முடியவில்லை. இந்த மனுஷன் இங்கேதான் இருக்கிறார், எங்கேயும் போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உள்ளே இறங்கியது. உடம்பெல்லாம் விட்டுப்போய்த் தொப்பென்று அவருக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள்.

"அழுவாத," என்றார் அவர். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சட்டியைத் தன் பக்கமிருந்து நடுவில் நகர்த்தி வைத்தார். "நீயும் எடுத்துக்க."

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறமா..."

"இப்பவே எடுத்துக்க."

அடுப்படிக்குப் போவதென்றால் அவரை விட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். அதற்கு அவளுக்கு மனசில்லை. அழுதுகொண்டே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். உப்பில்லாத கிழங்கு தேனாக இனித்தது. அன்றைக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். பொம்பளை புருஷனோடு சமமாக உட்கார்ந்து தின்கிறாள் என்று தெருவில் பிறகு பேசத்தான் செய்தார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். அவர் இருந்த வரைக்கும் சந்திரமதி ஒரு நாளும் தனியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை.